ஒன்பது நாற்பதும் பத்துப் பத்தும்

“ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பிப் பத்துப் பத்துக்கு வந்து சேருதா? எந்தப் புண்ணியவான் போட்ட ஷெட்யூல் இது?”

சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடியே பஸ் நிலைய டைம்கீப்பர் கேட்டார். எதிரே நின்ற மனைவி, கையிலிருந்த போனை இன்னொரு முறை பார்த்தாள்.

“அப்படித்தாங்க நம்ம பொண்ணு அனுப்பியிருக்கா. புதன்கிழமை காலையில ஒன்பது நாற்பதுக்கு ஃபிளைட். பத்துப் பத்துக்கு இங்க இறங்கிடுவாளாம். யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், நானே வந்துக்கறேன்னு போட்டிருக்கா.”

“வர வேண்டாம்னு சொல்லலைன்னா மட்டும் இங்க யாரு போகப் போறாங்க? நான் கேக்கறது டைமிங்கைப் பத்தி. அரை மணி நேரத்துல நம்ம பஸ் மார்க்கெட்டைத் தாண்டாது. இது கடலைத் தாண்டுதாமா?”

“எனக்கென்னங்க தெரியும்? அவளையே கேளுங்களேன்.”

டைம்கீப்பர் சோற்றைப் பிசைந்தார்.

அவளையே கேட்க முடிந்தால் இந்தக் கதையே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன், வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது என்று மகள் வந்து நின்றபோது, “பஸ் போகாத ஊர்ல உனக்கு என்ன வேலை?” என்று கேட்டவர் அவர். பேச்சு முற்றியது. “நீ போறதுன்னா போ. ஏர்போர்ட் வாசலை நான் மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே மிதிக்கவில்லை. மகள் விமானம் ஏறிய நேரத்தில் அவர் பஸ் நிலையத்தில், தன் அறை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதிக்கொண்டிருந்தார். அன்று எழுதிய பக்கம் முழுக்கத் தப்பு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் நேராகப் பேசிக்கொண்டதில்லை. “உங்கப்பா, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கறார்” என்று மனைவி போனில் சொல்வாள். “நல்லா இருக்கேன்னு சொல்லும்மா” என்று அங்கிருந்து வரும். இரண்டு பேருக்கும் நடுவில் அவள் மூன்று வருடமாக ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தாள்.

இப்போது மகள் வருகிறாள் என்று கேட்டதுமே டைம்கீப்பர் மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டார். விமான நிலையத்துக்குப் போக வேண்டும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வரும்போது, முதல் வரிசையில் தான் நிற்க வேண்டும். வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் போய் நின்றால் போதும், பெண் புரிந்துகொள்வாள்.

இதை மனைவியிடம் சொல்ல வெட்கம். மூன்று வருடமாகப் பிடித்த பிடியை ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் விட்டுவிடுவதா? யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாததால் யாரிடமும் கேட்கவும் கூடாது. வந்து சேரும் நேரத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டியதுதான். இருபத்தாறு வருடமாக ஊருக்கே நேரம் பார்த்துச் சொல்பவருக்கு அதென்ன பெரிய காரியம்?

மறுநாள் பஸ் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகரைப் பிடித்தார்.

“உங்க போன்ல ரெண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னு பார்க்க முடியுமா?”

“எதுக்கண்ணே?”

“சும்மாதான். பொது அறிவு.”

பரிசோதகர் தேடிப் பார்த்தார். “ரெண்டாயிரத்து நானூத்தம்பது கிலோமீட்டர். பறக்கற நேரம் மூணரை மணி.”

டைம்கீப்பர் ஒரு பழைய ட்ரிப் ஷீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஒன்பது நாற்பதோடு மூன்றரை மணி நேரத்தைக் கூட்டினால் ஒன்று பத்து. அவர் முகம் மலர்ந்தது.

“பார்த்தீங்களா? பத்துப் பத்து இல்லை, மதியம் ஒண்ணு பத்து! யாரோ தூங்கி வழிஞ்சுக்கிட்டே டைப் அடிச்சிருக்கான்.”

“டிக்கெட்டுல தப்பா போடுவாங்களாண்ணே?”

“ஏன் போட மாட்டாங்க? நம்ம ஆபீஸ்ல போன மாசம் போட்ட அட்டவணையில ஒரு பஸ் ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல நின்னுதே, மறந்துட்டீங்களா?”

பரிசோதகருக்கு அது மறக்கவில்லை. அந்த பஸ்ஸைத் தேடி இரண்டு ஊருக்கும் அலைந்தவரே அவர்தான்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். அன்று சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்தது டைம்கீப்பரின் போதாத காலம். கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன், நாலும் தெரிந்தவன். மனைவி சமையலறைக்குப் போன நேரம் பார்த்து டைம்கீப்பர் மெல்ல ஆரம்பித்தார்.

“ஒரு விமானம் ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பிப் பத்துப் பத்துக்கு வருதுன்னு வை. அது தப்புதானே?”

“தப்பில்லை அத்தான். அந்த ஊருக்கும் நமக்கும் மூணு மணி நேரம் வித்தியாசம் இருக்கு. அவங்க நமக்கு முன்னாடி. இப்ப இங்க ஏழு மணி, அங்க பத்து மணி.”

“பத்து மணியா? யாரைக் கேட்டு?”

“சூரியனைக் கேட்டுத்தான். அங்க முதல்ல விடியுதுல்ல?”

டைம்கீப்பருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு பஸ் நிலையத்தில் இரண்டு கடிகாரம் இரண்டு நேரம் காட்டினாலே டிரைவர்கள் தங்களுக்கு வசதியானதைப் பார்த்துக்கொண்டு வருவார்கள். உலகம் முழுக்க இப்படி விட்டு வைத்தால் யார் கேட்பது?

“சரி, வித்தியாசம் இருக்குன்னே வச்சுக்குவோம். அதைக் கழிக்கணுமா, கூட்டணுமா?”

“கழிக்கணும் அத்தான். ஆனா...”

“இரு.” அவர் கையை நீட்டி அவனைத் தடுத்தார். “பத்துப் பத்துல மூணு மணி நேரத்தைக் கழிச்சா ஏழு பத்து. ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பின விமானம் ஏழு பத்துக்கே வந்து நிக்குமா? கிளம்பறதுக்கு முன்னாடியே வந்து சேர, அது என்ன விமானமா, பிசாசா?”

“ஐயோ, அதுலேர்ந்து கழிக்கக் கூடாது. அந்தப் பத்துப் பத்துலயே...”

“கழிக்கக் கூடாதுல்ல? அப்போ கூட்டணும். பத்துப் பத்தும் மூணும் ஒண்ணு பத்து!” டைம்கீப்பர் தொடையில் தட்டினார். “பார்த்தியா? தூரத்தை வச்சுப் போட்டாலும் ஒண்ணு பத்து. உன் சூரியனை வச்சுப் போட்டாலும் ஒண்ணு பத்து. ரெண்டு வழியில வந்தாலும் ஒரே விடைன்னா, அதுக்கு மேல என்ன வேணும்?”

மச்சினன் வாயைத் திறந்தான். இரண்டு தப்பான வழிகள் எப்படி ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன என்று யோசித்தான். அதற்குள் காபி வந்துவிட்டது. அக்காவுக்கு எதிரில் அத்தானோடு வாதம் செய்தால் காபி ஆறிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன். குடித்துவிட்டுக் கிளம்பிப் போனான்.

இருந்தாலும் டைம்கீப்பர் பொறுப்பான மனிதர். மறுநாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விமான கம்பெனிக்கே போன் போட்டார். பத்து நிமிடம் பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

“அந்த ஃபிளைட் இறங்கற நேரம் பத்துப் பத்து சார்.”

“கிளம்பறது?”

“ஒன்பது நாற்பது.”

“பயண நேரம்?”

“மூணரை மணி நேரம் சார்.”

“நல்லா இருக்கு! ஒன்பது நாற்பதோட மூணரையைக் கூட்டிச் சொல்லும்மா பார்ப்போம்.”

“சார், கிளம்பறது அந்த ஊர் நேரம். இறங்கறது இந்த ஊர் நேரம்.”

“அதெல்லாம் எனக்கும் தெரியும். நடுவுல ஆகாயத்துல போகுதே, அப்ப பைலட் எந்த ஊர் நேரத்தைப் பார்த்து ஓட்டறார்? லேட்டானா எந்தக் கணக்குல லேட்டு?”

“வேறு ஏதாவது உதவி வேணுமா சார்?” என்றாள் அந்தப் பெண்.

“முதல்ல கேட்டதுக்கே உதவி வந்து சேரலை. போகட்டும். அது சரியான நேரத்துக்கு வருமா, அதைச் சொல்லு.”

“அநேகமா எல்லா நாளும் சரியான நேரத்துக்கு வந்துடும் சார்.”

டைம்கீப்பர் கசப்பாகச் சிரித்துவிட்டு போனை வைத்தார். ‘சரியான நேரம்’ என்பது எப்படித் தயாராகிறது என்று அவருக்கா தெரியாது? இருபது நிமிடம் தாமதமாக வந்த வண்டிகளுக்குக்கூடத் தன் கையாலேயே ‘சரியான நேரம்’ என்று எழுதியிருக்கிறார். உண்மையை எழுதினால் மூன்று பிரதிகளில் விளக்கம் அனுப்ப வேண்டும். விமான கம்பெனியிலும் ஒரு டைம்கீப்பர் இருப்பான், அவனுக்கும் கை வலிக்காதா?

எனவே ஒன்று பத்துதான். அதில் இனிமேல் மாற்றமில்லை.

அடுத்தது லீவு. இருபத்தாறு வருடத்தில் அவர் லீவு போட்டதே இல்லை என்பதால், கிளை மேலாளர் விண்ணப்பத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“உங்களுக்கா லீவு? வீட்டுல ஏதாவது விசேஷமா?”

மகள் வருகிறாள் என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் பஸ் நிலையம் முழுக்கத் தெரியும். பத்தாவது நிமிடம் எவனாவது ஒரு கண்டக்டர் இவர் மனைவியிடம் போய் வாழ்த்துச் சொல்வான்.

“பல்லு சார். பிடுங்கணும்.”

“அடடா. எந்தப் பல்லு?”

டைம்கீப்பர் இதை எதிர்பார்க்கவில்லை. அவசரமாக இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு நாளைக்குக் கன்னத்திலிருந்து கையை எடுக்க முடியவில்லை. டீக்கடையில் எல்லோரும் வடை சாப்பிட, அவர் வெறும் டீயை ஒரு பக்கமாக ஊற்றிக்கொண்டார். அவருக்குப் பதிலாக உட்கார ஒப்புக்கொண்டவர் ஒரு மூத்த கண்டக்டர். எல்லோருக்கும் அவர் ‘விசில்’தான். இரண்டாம் நாள் வேலை கற்றுக்கொள்ள வந்த விசில், சற்று உற்றுப் பார்த்தார்.

“அண்ணே, நேத்து அந்தக் கன்னம்ல?”

டைம்கீப்பர் கையைப் பார்த்தார். அது வலது கன்னத்தில் இருந்தது.

“பரவுது” என்றார் எரிச்சலாக. “நீ பதிவேட்டைக் கவனி.”

“வலி அதிகமானா சொல்லுங்கண்ணே. நாளைக்கு நான் போன் கீன் போட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன். வாயைத் திறந்து வச்சிருக்கும்போது போன் அடிச்சா, டாக்டர் கை ஆடிடும்.”

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, வழக்கம்போல யூனிஃபார்மில் டைம்கீப்பர் வீட்டை விட்டுக் கிளம்பினார். சாப்பாட்டுப் பைக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒளிந்திருந்தது.

“டியூட்டிக்குத்தானே போறீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“பின்னே எங்க போறேன்? மத்தவங்களுக்கு வேலை இருக்கு.”

“இன்னிக்கு முழுக்க அங்கேயேதானே இருப்பீங்க?”

“இருபத்தாறு வருஷமா எங்க இருந்தேனோ அங்கதான்.”

அவள் ஏனோ சிரித்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. புளுகு மாட்டிக்கொள்ளாமல் தப்பித்ததிலேயே அவருக்குப் பரம திருப்தி.

அப்போதே நேராக விமான நிலையத்துக்குப் போயிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒன்று பத்துக்கு வரும் விமானத்துக்குக் காலையிலேயே போய் நிற்பது பயணிகள் செய்கிற வேலை. நேரம் தெரியாதவன்தான் முன்னால் போய்க் காத்துக் கிடப்பான் என்பது அவர் கட்சி. முக்கால் மணி நேரம் முன்னால் போனால் போதும். மூன்று வருடம் கழித்துப் பார்க்கிற பெண் முன்னால் முள்ளுத் தாடியோடு நிற்கக் கூடாது என்று முடிவெட்டும் கடைக்குப் போனார். நாலு பேர் வரிசையில் இருந்தார்கள். சரியாகப் பத்துப் பத்துக்கு அவர் நாற்காலியில் சாய்ந்து, முகம் முழுக்க சோப்பு நுரையோடு கண்ணை மூடியிருந்தார்.

“வீட்டுல விசேஷமாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“பேசாம வழியுங்க. நுரை வாய்க்குள்ள போகுது.”

சட்டையை அங்கேயே மாற்றிக்கொண்டு, தெரிந்த முகம் இருக்காது என்ற நம்பிக்கையில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் விமான நிலையப் பஸ்ஸில் ஏறினார். ஏறியதுமே டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, பல்லு பிடுங்கப் போறதா சொன்னாங்க?”

“ஆமா. போய்க்கிட்டிருக்கேன்.”

“ஏர்போர்ட்டுல பல்லு டாக்டர் இருக்காரா?”

“புதுசா வந்திருக்கார். நீ ரோட்டைப் பாரு. ஏற்கெனவே மூணு நிமிஷம் லேட்டு.”

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விமான நிலையத்தில் இறங்கினார். வாசலில் ஒரு கணம் நின்றார். மிதிக்க மாட்டேன் என்று சொன்ன வாசல். பிறகு வலது காலை எடுத்து வைத்தார். அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. இதற்கா மூன்று வருடம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

வெளியே வரும் வழியில், கம்பித் தடுப்பை ஒட்டி முதல் ஆளாக நின்றார். எதிரே இருந்த பெரிய பலகையைப் படித்தார். ஒன்று பத்துக்கு எந்த விமானமும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்போதும் இல்லை. விசாரணை மேஜைக்குப் போனார்.

“பலகையில ஒரு விமானம் விட்டுப் போயிருக்கும்மா. ஒண்ணு பத்துக்கு வர்றது.” ஊரைச் சொன்னார்.

மேஜைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள். “அந்த ஊர்லேர்ந்து தினம் ஒரே ஃபிளைட்தான் சார். பத்துப் பத்து. இன்னிக்குப் பத்து நாலுக்கே இறங்கிடுச்சு.”

“பத்து நாலா?” “ஆறு நிமிஷம் முன்னாடியேவா? முன்னாடி வர்றது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? நான் இருந்தா எழுதி அனுப்பியிருப்பேன்!”

“எல்லாரும் அப்பவே போயிட்டாங்க சார்.”

“மூணு மணி நேரத்தைக் கூட்டினா ஒண்ணு பத்துதானே வரணும்?”

“எதையும் கூட்ட வேண்டாம், கழிக்க வேண்டாம் சார். பத்துப் பத்துன்னா நம்ம சுவத்துக் கடிகாரத்துல பத்துப் பத்து. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஒரு வாரமாக ஒரு மனிதரும் இப்படிச் சொல்லவில்லையே! சொல்ல வந்தவர்களை அவர்தான் சொல்ல விடவில்லை என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

டைம்கீப்பர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். போகும்போதும் வரவில்லை, வரும்போதும் வரவில்லை. பெட்டியோடு வெளியே வந்து, கூட்டத்தில் ஒரு முறையாவது பெண் தேடிப் பார்த்திருப்பாள். பெண்ணுக்காக மழித்துக்கொண்ட வழவழப்பான கன்னத்தைத் தடவிக்கொண்டார். அழுகை வந்தது. யாராவது பார்த்தால் பல்வலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

வீட்டுக்கு போன் போட்டார்.

“என்ன, வந்தாச்சா?” முடிந்தவரை அலட்சியமாகக் கேட்டார்.

“இன்னும் இல்லைங்களே” என்றாள் மனைவி.

இறங்கி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வயதுப் பெண், பெட்டியோடு எங்கே போனாள்?

“இல்லைன்னா என்ன அர்த்தம்? போன் போட்டியா?”

“அவ போன்ல இங்கத்து நம்பர் இன்னும் போடலையாம். இறங்கினதும் அங்க யார் போனையோ வாங்கிப் பேசினா. நீங்க எங்க இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டுலதான்!”

சரியாக அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறியது. பயணிகள் பாதுகாப்புச் சோதனைக்கு வருமாறு ஒரு பெண்குரல் குழைந்தது.

“அது என்னங்க சத்தம்?”

“புது மைக்கு. புதுசா போட்டிருக்காங்க.”

“பஸ் ஸ்டாண்டுலயா இருக்கீங்க? நிஜமாவா? அப்ப நீங்க இன்னும்...” மனைவி நிறுத்தினாள். குரலில் ஏதோ மாறியிருந்தது. “ஏங்க, நல்லா சுத்திமுத்திப் பாருங்க.”

“சுத்திமுத்திப் பார்க்க என்ன இருக்கு இங்க? பொண்ணைக் காணோம்னு பதறிக்கிட்டிருக்கேன், நீ வேற!”

எரிச்சலில் இணைப்பைத் துண்டித்தார். காவல் நிலையத்துக்குப் போகலாமா? போய் என்னவென்று சொல்வது? ஒன்று பத்துக்கு வர வேண்டிய பெண் பத்து நாலுக்கே வந்துவிட்டாள் என்று புகார் கொடுப்பதா? எழுந்து நின்றார், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்று பத்து காட்டியபோது கையிலிருந்த போன் அடித்தது. விசில்.

“அண்ணே, பல்லு பிடுங்கற நேரத்துல தொந்தரவு பண்ண வேண்டாம்னுதான் இவ்வளவு நேரம் கூப்பிடலை. ஏர்போர்ட் பஸ்ஸுல வந்த ஒரு பொண்ணு, பெட்டியை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா உங்க ஜன்னல் முன்னாடி நிக்குது. ‘எங்கப்பா ஏர்போர்ட்டுக்கு வர மாட்டார், ஆனா இந்த நாற்காலியை விட்டு ஒரு நாளும் எழுந்திருக்க மாட்டார், அதனாலதான் வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்தேன்’னு சொல்லி அழுவுது. நான் என்னண்ணே பதில் சொல்லட்டும்?”